வயரை உருவச் சொன்னேன்

பள்ளியில் கிட்டார் பழகிய மகளுடன் கொல்லிமலையிலிருந்து நாமக்கல் போனேன். வயர் மாட்டியும் மாட்டாமலும் வாசிக்கிற கிட்டார்தான் அவளுக்கு வேண்டும். கடைக்காரர் இரண்டை ஸ்பீக்கரில் மாட்டி வாசித்தார். விலை கூடியது கணீரென்றது. மலிவானது தகரம்போல் கேட்டது.

“விலைக்கேத்த சத்தமுங்க” என்றார்.

எனக்கு அந்த ஸ்பீக்கர் மேல்தான் சந்தேகம். “எங்க மலையில பாதி நேரம் கரண்ட் இருக்காதுங்க. வயரை உருவிட்டு வாசிங்க.”

“அப்படி யாரும் கேக்கறதில்லீங்க அம்மணி.”

“நான் கேக்கறனுங்க.”

உருவினார். விலை கூடியதன் ஒல்லிப் பெட்டி முனகியது. மலிவானது கடையையே நிறைத்தது. அதையே வாங்கினோம்.

இப்போது சேலைக் கடையிலும் டியூப்லைட்டை அணைக்கச் சொல்கிறேன். மகள்தான், என்னை யாரென்றே தெரியாதவள்போல வாசலில் போய் நின்றுகொள்கிறாள்.