மூன்றாம் நம்பரின் தாள்

மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனை ஒட்டிய மிளகுக் கம்பெனி ஒன்றில் கமலாக்ஷிக்குத் தமிழில் கடிதம் எழுதுகிற வேலை. முதலாளி சேட்டு குஜராத்திக்காரர். கிடங்கில் பேச்சு மலையாளம். விருதுநகர், போடி வியாபாரிகளுக்குப் போகிற கடிதம் மட்டும் தமிழ். பள்ளிக்கூடத்தில் அவள் படித்ததும் மலையாளம்தான். அப்பா வெங்கிடாசலம் வாங்கிப் போட்ட வாரப் பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டிக் கூட்டித் தமிழைப் பிடித்துக்கொண்டாள். அச்சைப் பார்த்துக் கற்றதாலோ என்னவோ, அவள் எழுத்து அச்சுக் கோத்ததுபோல் நிமிர்ந்து நிற்கும். சரக்கைப் பார்க்காமல் அந்த எழுத்தைப் பார்த்தே வியாபாரிகள் ஒத்துக்கொள்கிறார்கள் என்று சேட்டு சொல்வார்.

அப்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் செத்துப்போனார். அதற்கு மூன்றாம் வருஷம் அம்மா விசாலாக்ஷி வாதத்தில் விழுந்தாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. காலையில் அம்மாவைத் துடைத்து, கஞ்சி புகட்டிவிட்டுக் கம்பெனிக்கு வருவாள். மத்தியானம் ஓடிப்போய் அவளைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி ஓடி வருவாள். முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்பதில் அப்படி ஒரு கண்டிப்பு. கல்யாணப் பேச்சு முப்பத்தாறு வயதுவரை எழவில்லை. எழுந்திருந்தாலும் அதைக் காதில் வாங்க நேரம் இருந்திருக்காது.

அவளுக்கென்று இருந்தவை இரண்டு. ஒன்று அப்பாவின் ரேடியோ. சிற்றலையில் தூரதேசத்து நிலையத்தைப் பிடித்து, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் இன்னது கேட்டேன், இவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதிப் போட்டால் அவர்கள் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். அப்படி நாற்பத்தோரு அட்டை சேர்த்திருந்தாள். மற்றது சுற்றுத் தபால்.

எழுபத்தொன்றில் ஒரு பத்திரிகையின் ஓரத்தில் வந்த நாலு வரி அறிவிப்பைப் பார்த்து அதில் சேர்ந்தாள். மொத்தம் ஏழு பேர். யாரும் யாரையும் பார்த்ததில்லை. காகிதக் கட்டு ஒன்று கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி, ஒவ்வொருவர் வீடாகத் தபாலில் சுற்றி, நாற்பது நாளில் திரும்பும். கட்டு கைக்கு வந்ததும் மற்ற ஆறு பேரின் தாளையும் படித்து, போன சுற்றில் தான் வைத்த தாளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி வைத்து, நாலு நாளுக்குள் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். படித்த நாவல், தேர்தல், ரோஜாப் பதியன், தபால்தலை, எதைப்பற்றியும் எழுதலாம். வயிற்றெரிச்சல் தீரச் சண்டையும் போடலாம். பெயர் மட்டும் கூடாது. பெயர் தெரிந்தால் ஜாதி தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியும், அப்புறம் சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவரைப் பார்ப்பார்கள் என்பது கோயம்புத்தூர்க்காரரின் கட்சி. அவர் ஒன்றாம் நம்பர். கமலாக்ஷி மூன்று. முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் மட்டும் விலாசம் தெரியும். அதற்கும் அவள் கம்பெனி விலாசத்தில் செத்துப்போன அப்பாவின் பெயரைத்தான் கொடுத்திருந்தாள். கம்பெனித் தபாலை வாங்கிப் பிரிப்பது அவள்தான் என்பதால் அது வேறு யார் கண்ணிலும் படாது. ஊர்பேர் தெரியாதவர்களிடமிருந்து ஒரு பெண்ணுக்குக் கட்டுக் கட்டாகக் காகிதம் வந்தால் தெரு சும்மா இராது. ஆறு பேரும் அவளை ஆண்பிள்ளை என்றே எண்ணியிருந்தார்கள்.

எழுபத்து மூன்றில் ஒரு தகராறு வந்தது. ஐந்தாம் நம்பர் தன்னைக் கேலி செய்திருந்தார் என்று ஆறாம் நம்பர் அந்தத் தாளையே கிழித்துப் போட்டுவிட்டார். கமலாக்ஷி மூன்று பக்கம் எழுதினாள். அடுத்தவர் தாளைத் தொடக் கூடாது. பிடிக்காததையெல்லாம் எடுத்துக்கொண்டே போனால் கட்டில் சணல் கயிறுதான் மிஞ்சும் என்று எழுதினாள். ஆறாம் நம்பரை விலக்கி வேறொருவரைச் சேர்த்தார்கள். நாலாம் நம்பர், ‘மூன்றாம் நம்பர் சொன்னது எனக்குச் சட்டம்’ என்று அடுத்த தாளில் எழுதினார். அவர் சிவசங்கரன் என்ற பள்ளிக்கூட வாத்தியார். பாலக்காட்டுப் பக்கம் வீடு. கொய்யாவில் பதியன் போடுவதைப்பற்றி ஒரு பக்கம் எழுதினால், படித்த புத்தகத்தைப்பற்றி நாலு பக்கம் எழுதுவார். கமலாக்ஷி அவர் தாளைத்தான் கடைசியாக வைத்துப் படிப்பாள்.

எழுபத்தைந்து ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைகளில் சேதிக்குப் பதில் பிரசங்கம் வந்தது. அவள் ரேடியோவைத் திருகி லண்டனைப் பிடித்தாள்.

மூட்டைகளில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிற செல்லதுரை, திருநெல்வேலிக்காரன், தினமும் அவளைச் சீண்டுவான். “யக்கா, லண்டன்ல இன்னைக்கு மழையா, வெயிலா?”

“மழைதான். உன்னை விசாரிச்சதா பறையச் சொன்னா.”

ஆகஸ்டில் ஒரு நாள் அவன் சிரிக்கவில்லை. “ரேடியோ பேச்சை வெளிய விட்றாதக்கா. முந்தாநாள் சாயாக்கடையில நியூஸ் பேசினவனைக் கொண்டு போய்ட்டானுவோ.”

“அவன் வாயால பேசினான். நான் எங்கேடா பேசறேன்? எழுதறதோட சரி.”

“அது இதைவிட மோசம்லா. வாயில வந்தது காத்துல போயிரும். எழுதினது எங்க போவும்?”

அவளுக்கு அது மனசில் படவில்லை. படித்த ஏழு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் யாருக்கு என்ன என்று நினைத்தாள். ரேடியோ நிலையத்துக்கு எழுதும் அதே கணக்கில் எழுதினாள்: தேதி, நேரம், எந்தெந்த ஊர்ச் சிறைகளில் எத்தனை பேர், எந்தப் பத்திரிகைக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். முழுசாக இரண்டு பக்கம் வந்தது. கீழே ‘மூன்றாம் நம்பர்’ என்று போட்டு, கட்டைக் கட்டி நாலாம் நம்பருக்கு அனுப்பினாள்.

நாற்பது நாள் ஆயிற்று, ஐம்பதும் ஆயிற்று. கட்டு திரும்பவில்லை. எங்கோ ஒருவர் சோம்பேறித்தனம் பண்ணுகிறார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. ‘நாலு நாள் விதி எல்லோருக்கும் பொது. கட்டு தங்களிடம் தங்கியிருந்தால் உடனே அனுப்பவும்’ என்று நாலாம் நம்பருக்கு ஒரு தபால் கார்டு போட்டாள்.

கார்டுக்குப் பதில் வரவில்லை. நவம்பரில் ஒரு மத்தியானம் சிவசங்கரனின் மனைவி நீலாம்பாள் வந்தாள். ரயிலிலும் படகிலும் வந்த களைப்பு, நனைந்த ஒன்பது கஜப் புடவையின் ஓரம், கையில் துணிப்பை. செல்லதுரைதான் அவளைக் கமலாக்ஷியின் மேஜைக்குக் கூட்டி வந்தான். “யக்கா, யாரோ வெங்கிடாசலமாம். நம்ம கம்பெனியில அப்பிடி ஆரு?” என்று கேட்டுவிட்டு மூட்டைகளிடம் போனான்.

நீலாம்பாள் உட்காரவில்லை. “வெங்கிடாசலம்னு ஒருத்தர். மூணாம் நம்பர்னு எழுதுவார். அவரைக் கொறச்சு நேரம் பார்க்கணும்.”

“என்ன விஷயம்?”

நீலாம்பாள் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். ஸ்கூலில் வேறொரு வாத்தியார் ஏதோ நோட்டீஸ் வைத்திருந்து பிடிபட்டார். அதனால் போலீஸார் எல்லா வாத்தியார் வீட்டிலும் புகுந்து தேடினார்கள். தன் வீட்டில் அந்தக் கட்டு அகப்பட்டது, புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். “அதிலே மூணாம் நம்பரோட தாளைப் பார்த்ததுமே எங்காத்துக்காரருக்கு பயமாயிடுத்து. அடுத்தாளுக்கு அனுப்பினா அவாளுக்குன்னா ஆபத்துன்னு தன்கிட்டேயே வெச்சுண்டார். கட்டு வந்த உறையைக் கொளுத்தினார், விலாசம் தெரியப்படாதுன்னு. அந்தத் தாளையும் சேர்த்துக் கொளுத்துங்கோன்னேன். ‘அது என் தாள் இல்லைடி, தொடப்படாது, அவர் சொன்ன சட்டம்’னார். அலமாரியிலே வெச்சார்.”

கமலாக்ஷி பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள்.

“பேர் இல்லாம ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இருக்கோன்னோ. ரகசியக் கூட்டம்னு நெனைச்சுட்டா. யார் மூணாம் நம்பர், யார் மூணாம் நம்பர்னு தினமும் கேக்கறாளாம். தெரியாதுன்னே சொல்லிண்டிருக்கார். ஒரு தடவைதான் பார்க்க விட்டா. வலது கையைத் துணியாலே மூடி வெச்சிருந்தார். காட்டுங்கோன்னா காட்டலை.”

நீலாம்பாள் துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, “வக்கீல் சொல்றார், மூணாம் நம்பர் தானா வந்து, இது வெறும் புஸ்தகம் படிக்கறவா கூட்டமாக்கும், ரேடியோவிலே கேட்டதை எழுதினேன்னு சொன்னா கேஸே நிக்காதாம். ரெண்டு தட்டுத் தட்டி விட்டுடுவாளாம். நான் இங்கே வந்தது எங்காத்துக்காரருக்குத் தெரியாது. இன்னொரு வீட்டை இழுக்காதேன்னுதான் சொல்லியிருக்கார். போலீஸ் போனப்பறம் இந்தக் கார்டு வந்தது. இதிலேதான் விலாசம் பார்த்தேன்.”

கார்டை மேஜைமேல் வைத்தாள். கமலாக்ஷி முன்னால் விருதுநகருக்கு எழுதிப் பாதியில் நின்ற கடிதம் கிடந்தது. அம்மாவைப் புரட்டிப் போட வேண்டிய நேரம் ஆகிவிட்டிருந்தது. நான் போனால் யார் புரட்டுவார்கள் என்று நினைத்தாள். அது பொய்யான நினைப்பு அல்ல. ஆனால் அதற்கு முன்னாலேயே அந்தத் துணி மூடிய கை நினைவில் வந்துவிட்டிருந்தது. இரண்டில் எது முந்தியது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“அப்படி ஒருத்தர் இங்கே இல்லை,” என்றாள்.

“கார்டிலே இந்த விலாசம்தானே இருக்கு?”

“யாராவது தப்பா போட்டிருப்பா.”

நீலாம்பாள் கார்டைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள். பிறகு கமலாக்ஷியின் மோதிரமில்லாத, மைக்கறை படிந்த விரல்களை வெகுநேரம் பார்த்தாள்.

“உங்க எழுத்து நன்னா இருக்கு,” என்றாள். “யாருக்கும் இப்படி அமையாது.”

கமலாக்ஷி பாதிக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“இதை நான் போலீஸ்லே கொண்டு கொடுக்கலாம். கொடுத்தா எங்காத்துக்காரர் என் மூஞ்சியிலே முழிக்க மாட்டார். நீங்களே வெச்சுக்கோங்கோ.” கார்டை விட்டுவிட்டுப் போய்விட்டாள். கிடங்கு வாசலில் செல்லதுரை, “சாயா குடிச்சிட்டுப் போங்கம்மா,” என்றது கேட்டது.

அன்று கமலாக்ஷி வீட்டுக்குப் போய் அம்மாவைப் புரட்டினாள். ரேடியோவைத் துணி சுற்றிப் பரண்மேல் போட்டாள். அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிக்கொண்டாள். வாரங்கள் போயின. எழுபத்தாறு ஆனியில் அம்மா செத்துப்போனாள். முதுகில் ஒரு புண் கிடையாது; குளிப்பாட்டிய பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார்கள். பதின்மூன்றாம் நாள் கழிந்த மறுநாள் பாலக்காட்டுக்குப் போக அவளைத் தடுக்க ஒன்றும் இல்லை. புடவை மாற்றிக்கொண்டு படகுத்துறைவரை போனாள். இரண்டு படகு வந்து போயின. அவள் கம்பெனிக்குத் திரும்பிப் போய், போடிக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதினாள். சிவசங்கரன் அப்போதும் உள்ளேதான் இருந்தார். எழுபத்தேழு மார்ச்சில் எல்லாரையும் விட்டபோதுதான் அவரையும் விட்டார்கள்.

எழுபத்தெட்டில் ஒன்றாம் நம்பர் கட்டை மறுபடி ஓட விட்டார். முதல் சுற்றில் கட்டு கமலாக்ஷியிடம் வந்தபோது, அவளுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் யாரும் இன்னும் எழுதியிருக்கவில்லை. ரேடியோ அட்டைகளைப்பற்றிப் பத்து வரி வைத்து அனுப்பினாள். இரண்டாம் சுற்றில் நாலாம் நம்பரின் தாள் இருந்தது. எழுத்து வேறாக இருந்தது. குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்துப் பெண் எழுத்து. ‘என் வலது கை விரல்கள் மடங்குவதில்லை. கண்ணும் மங்கல். கட்டு வந்தால் என் மனைவி படித்துக் காட்டுகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் திரும்ப எடுக்கவில்லை. கொய்யா காய்க்கிறது. மூன்றாம் நம்பர் மறுபடி எழுதுவதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். அவருக்கு ஒன்றும் நேரவில்லை என்று தெரிந்து நிம்மதி.’

கடைசி இரண்டு வாக்கியத்தையும் நீலாம்பாள் எழுத்தில் கமலாக்ஷி படித்தாள். ஓர் எழுத்துகூடக் கோணியிருக்கவில்லை.

அவள் நாலு நாளையும் எடுத்துக்கொண்டாள். எழுதினாள்: நான் ஆண் அல்ல, என் பெயர் கமலாக்ஷி, அன்று உங்கள் மனைவி என் மேஜைக்கு எதிரில் நின்றார், அப்படி ஒருவர் இல்லை என்று சொன்னேன், அம்மாவைக் காரணமாக வைத்துக்கொண்டேன், அம்மா போன பிறகும் வரவில்லை, பயம்தான். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி அடித்தாள். கேட்கத் தகுதி இல்லை என்று எழுதி அதையும் அடித்தாள். அடித்தல் இல்லாமல் வேறு தாளில் பெயர்த்து எழுதி, கட்டில் வைத்து, தானே தபாலாபீசுக்குப் போய்ச் சேர்த்தாள்.

நாற்பத்து மூன்று நாள் கழித்துக் கட்டு திரும்பி வந்தது. நின்றபடியே கயிற்றை அவிழ்த்தாள். ஒவ்வொரு தாளாக எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஆறுதான் இருந்தது. அவள் தாள் இல்லை. ஐந்தாம் நம்பரும் ஏழாம் நம்பரும், மூன்று ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தார்கள். ஒன்றாம் நம்பர், விதியை நினைவூட்டியிருந்தார்.

நாலாம் நம்பரின் தாளைக் கடைசியில் எடுத்தாள். அதே குண்டு எழுத்து; அவளுக்கு அடுத்தபடி கட்டைப் பிரித்த கை. கொய்யாவைப்பற்றி, ஒரு நாவலைப்பற்றி, புது சர்க்காரைப்பற்றி. முடிவில்: ‘மூன்றாம் நம்பர் இந்தச் சுற்றில் ஒன்றும் எழுதவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். இன்னொரு தடவை நன்றாகப் பார் என்று சொல்லிப் பார்த்தேன், கட்டில் இல்லையாம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு வரியாவது எழுதச் சொல்லவும்.’

செல்லதுரை மாதிரிப் பொட்டலங்களோடு வந்து நின்றான். “என்னக்கா, லண்டன்லேர்ந்து கெட்ட சேதியா?”

“இல்லைடா. போய்த் தராசைப் பார்.”

அவன் போன பிறகு ஒரு தாளை எடுத்துத் தேதி போட்டாள். போன சுற்றில் காய்ச்சலாகப் படுத்துவிட்டதால் எழுத முடியவில்லை, இப்போது தேவலை, நாலாம் நம்பர் விசாரித்ததற்கு நன்றி என்று அந்த நிமிர்ந்த எழுத்தில் எழுதினாள்.