ஊசிப்போகும் காகிதம்

என் மனைவியின் கையெழுத்து பங்குனியோடு செத்துவிடும் என்று, ராஜபாளையத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பின்னறையில் வைத்துச் சொன்னார்கள். முன்னறையில் பெண்பிள்ளைகள் ஏ, எஸ், டி, எஃப் என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முந்தின காற்றில் ஓலை அடித்துக்கொள்வதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் நான் முதன்முதலாக ஒரு காகிதத்துக்காகப் பயந்தேன்.

சொன்னவர் அந்த இன்ஸ்டிடியூட்டின் முதலாளி. பாஸ்போர்ட் படிவம், துபாய் வேலைப் படிவம், எதுவென்றாலும் ஊரில் அவரிடம்தான் போவார்கள்.

"ஸ்பான்சர் பேப்பர் வந்துருச்சுன்னு சந்தோசப்படாதீக, தம்பி. இது புரட்டாசியில கையெழுத்தானது. ஆறு மாசந்தான் உசுரு. அதுக்குள்ள இண்டர்வியூ வரலைன்னா ஊசிப்போகும்."

"காகிதம் ஊசிப்போகுமா?"

"அமெரிக்காக் காகிதம் போகும்."

தொண்ணூறுகளின் கடைசி அது. என் மனைவி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே தங்க அனுமதி வாங்கிய பிறகு லீவில் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு மாதம் கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். போனதும் எனக்காக மனுப் போட்டாள். அந்த மனு வரிசையில் நின்று நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. இடையில் அவள் ஒரே ஒரு லீவுக்கு வந்துபோனாள். வரிசை நகர்ந்து முன்னால் வரும்போது, சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அன்றைக்கு என் கையில், 'இந்த ஆளை நான் வைத்துக் காப்பாற்றுவேன், அரசாங்கத்தின் தலையில் விழமாட்டான்' என்று அவள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி இருக்க வேண்டும். கூடவே அவள் கட்டிய வருமான வரியின் நகல், வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கடிதம். மூன்றுமே புதுசாக இருக்க வேண்டும். பழசென்றால் திரும்பிப் போ.

நான் ராஜபாளையத்தில் கட்டுத்துணி வெளுத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் எழுதிக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். பேண்டேஜ் சுருள்கள் மலைமாதிரி குவிந்திருக்கும் அறையில், குளோரின் வாடையில், எந்தச் சுருள் எந்தக் காயத்துக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். சிலசமயம் அவள் கைக்கே போகுமோ என்றும்.

"ஏலே, பொண்டாட்டிகிட்ட இருந்து பேப்பர் வந்துச்சாமே," என்பார் சூப்பர்வைசர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நல்லாப் பாத்துக்கோ. பேப்பர் மட்டும்தான் வரும், ஆளு வராது."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பங்குனி வந்தது. இண்டர்வியூ வரவில்லை. அந்த முதல் காகிதம் செத்தது. போனில் சொன்னேன். மறுமுனையில் பெருமூச்சு. "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு சொல்லை நான் வாரக்கணக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அலுப்பா, வெறுப்பா, ராத்திரி டியூட்டியின் அசதியா? வைகாசியில் இரண்டாவது கட்டு வந்து சேர்ந்தது. புதுக் கையெழுத்து, புது வருஷத்து வரிக்கணக்கு, புதுக் கடிதம். ஆவணியில் இண்டர்வியூ கடிதமும் வந்துவிட்டது. புரட்டாசிக் கடைசியில் தேதி. உயிரோடிருக்கிற காகிதம், உயிரோடிருக்கிற தேதி. எல்லாம் கூடி வந்ததே என்று அன்றைக்கு அப்பா முழங்கால் போட்டு ஜெபித்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் போகிற மனிதர், காலையில் கட்சிக்காரருக்காகப் பிள்ளையார் சுழி போட்டுக் கிரயம் எழுதுவார். தேவதானத்து வயல், பிளவக்கல் பக்கத்துத் தோப்பு எல்லாம் அவர் கையெழுத்தில் கை மாறியிருக்கின்றன. அவர் உலகத்தில் காகிதம் என்றால் மண். பழசாக ஆக அதற்குப் பலம். தாத்தா காலத்து மூலப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து யாராவது நீட்டினால், எழுந்து நின்றுதான் வாங்குவார். ஆறு மாதத்தில் செத்துப்போகும் பத்திரம் உண்டு என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. காகிதம் சாவதென்றால் கரையானால்தான், ஈரத்தால்தான், எலியால்தான் சாகும்.

ஆகவே அவர் அதைக் காப்பாற்றினார்.

ஒரு சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது மேஜைமேல் அந்தக் கட்டு பளபளவென்று கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, ஸ்டேப்ளர் ஊசியைப் பிடுங்கி, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வைத்து லேமினேஷன் போட்டிருந்தார். அந்த வருஷங்களில் ஊரே அப்படித்தான் செய்தது. மார்க் ஷீட், ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட், ரேஷன் கார்டு, எது மதிப்போ அதற்கெல்லாம் கண்ணாடிச் சட்டை.

"இனி மழை வந்தாலும் ஒண்ணும் செய்ய ஏலாதுய்யா," என்றார் அப்பா. முகமெல்லாம் பூ.

நான் கையெழுத்துப் பக்கத்தை எடுத்தேன். நோட்டரி அழுத்திய முத்திரை ஒன்று அதில் இருக்கும். மை கிடையாது. விரலால் தடவினால் தட்டுப்படும் வட்டம். பஸ்ஸில் போகும்போதெல்லாம் உறைக்குள் கைவிட்டு அதைத் தடவிக்கொள்வேன். இப்போது தடவினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று விரல். இயந்திரத்தின் சூட்டில் முத்திரை படிந்துபோயிருந்தது.

"என்னப்பா பண்ணிட்டீங்க..."

என் குரலில் என்ன இருந்ததோ, அப்பாவின் முகம் வாடிற்று. ஒன்றும் கேட்காமல் மேஜையடியிலிருந்து பிளேடை எடுத்தார். ஒரு தாளின் மூலையைக் கீறி, நகத்தால் பிளாஸ்டிக்கை உரித்தார். பிளாஸ்டிக்கோடு எழுத்தும் உரிந்து வந்தது. என் மனைவியின் பெயரில் பாதி அந்தக் கண்ணாடித் தோலில் தொங்கியது. அப்பாவின் கை பிளேடை மெல்லக் கீழே வைத்தது. எத்தனையோ பேர் நிலத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்த கை.

திங்கட்கிழமை இன்ஸ்டிடியூட் முதலாளியிடம் கொண்டு போனேன். அவர் ஒரு தாளைத் தூக்கி ட்யூப்லைட்டில் காட்டிப் பார்த்தார்.

"இத வச்சு விசிறிக்கிடலாம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புதுசு வாங்கீருங்க தம்பி. ஒட்டுப் போட்ட வேலைக்கு இதுல எடமில்ல. எம்புட்டு சீக்கிரம் முடியுமோ அம்புட்டு சீக்கிரம்."

அவர் சொல்வது சுலபம். எனக்குப் பயம் காகிதத்தைப் பற்றியதாக இருந்தது போய் அவளைப் பற்றியதாகிவிட்டது. மூன்றாவது தடவையாக ஒருத்தியிடம் போய், 'என்னைக் காப்பாற்றுவேன் என்று மறுபடி எழுதிக் கொடு' என்று எப்படிக் கேட்பது? முதல் தடவை பிரியம் கையெழுத்துப் போட்டிருக்கும், இரண்டாவது தடவை கடமை. மூன்றாவது தடவைக்கு அவளிடம் என்ன மிச்சமிருக்கும்? வேண்டாமென்று வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டாமே. தபாலில் போட மறந்தால் போதும். தேதி போய்விடும். பழி காகிதத்தின்மேல் விழும். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு கட்டுத்துணிச் சுருள்களின் கணக்கைத் தப்பும் தவறுமாக எழுதினேன்.

"நான் பேசுதேன் மருமககிட்ட," என்றார் அப்பா. "கெடுத்தவன் நான்தான்."

விடிந்ததும் இருவருமாக ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் அப்பா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, மாமா பேசுதேன். சாப்டியா தாயி?... நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். நீ அனுப்பின பத்திரத்துக்கு லேமினேஷன் போட்டுட்டேன்." செத்த நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் பணிவாக, "ஆமா தாயி. ரெண்டு பக்கமும்," என்றார்.

ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

"அத்தான், மாமா சொல்றது நெசமா? அம்புட்டையுமா?"

"அம்புட்டையும். ஆஸ்பத்திரி லெட்டரையும்."

அந்தக் கோட்டில் குரல் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமாகும். கடலுக்குமேல் எங்கோ என் வார்த்தை தனியாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில்தான் நான் நாலு வருஷம் குடித்தனம் நடத்தினேன். இந்தத் தடவை அது முடிந்தபோது அவள் சிரிக்கிற சத்தம் வந்தது. சிரித்துச் சிரித்து, எங்கோ ஓரிடத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று.

"ஒவ்வொரு தடவையும் நோட்டரிகிட்டப் போயி அவன் முன்னாலதான் கையெழுத்துப் போடணும், அத்தான். போன தடவை அந்தாளு கேக்கான், படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுதியாம்மான்னு."

"படிச்சியா?"

"மொத தடவை படிக்கல. ரெண்டாவது தடவை படிச்சேன். நாளைக்கு நாம கோர்ட்டுல போயிப் பிரிஞ்சாலும் ஒங்க சோத்துக்கு நான்தான் பொறுப்பாம். கல்யாணத்துல பாஸ்டர்கூட அம்புட்டுக் கேக்கலையே."

இத்தனை நாள் தொண்டையில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஒனக்கு நான் வரணுமா?"

வார்த்தை போயிற்று. கடலைத் தாண்டிற்று. திரும்பவில்லை. பூத்துக்காரர் காதுகுடைந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"தெரியல, அத்தான். ஒங்க மொகம் எனக்கு போட்டோவாத்தான் வருது. அசைய மாட்டேங்குது. ஒங்ககூட இருந்த நாளவிட ஒங்களுக்காகப் பேப்பர் தேடுன நாள்தான் ஜாஸ்தி. பயமாயிருக்கு."

"அப்ப... போடுவியா?"

"பாக்கேன்," என்றாள்.

எங்கள் பக்கம் கடன் கேட்டவனுக்கும் பெண் கேட்டவனுக்கும் இல்லையென்று சொல்லாமல் சொல்கிற பதில் அது. வெளியே வந்ததும் அப்பா, "என்னய்யா சொன்னா?" என்றார். அனுப்புவதாகச் சொன்னாள் என்றேன்.

அதன்பின் வந்த நாட்கள் எல்லாம் ஒரே நாள். ராஜபாளையத்தில் கூரியர் ஆபீசில் போய் நிற்பது, இல்லை என்று தலையாட்டுவதைப் பார்ப்பது, பஸ் ஏறுவது. மலைமேல் மேகம் கட்டிக்கொண்டு நின்றது, பெய்யவில்லை. சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சர்ட்டிபிகேட் எல்லாம் தயார். அவள் காகிதத்துக்கான உறை மட்டும் ஒட்டிய வயிறாகக் கிடந்தது. ராத்திரி படுத்தால் அவள் முகத்தை அசைத்துப் பார்க்க முயல்வேன். எனக்கும் அசையவில்லை.

ரயிலுக்கு முந்தின நாள் கட்டு வந்துவிட்டது.

கூரியர் ஆபீசிலேயே பிரித்தேன். உறுதிமொழி, வரிக்கணக்கு, கடிதம். எனக்கென்று ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குமா என்று உறையைக் கவிழ்த்து உதறினேன். இல்லை. நலமா என்றுகூட ஒரு வரி இல்லை. அவள் படித்ததாகச் சொன்ன பக்கத்தைத் தேடி நானும் படித்தேன். சட்ட ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமாயிருந்தது. அடியில் அவள் கையெழுத்து, நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவதுபோல. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா கிட்டே வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, "எல்லாம் இருக்காய்யா?" என்று மட்டும் கேட்டார்.

சென்னையில் தூதரகத்துக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு பெண். எனக்கு முன்னால் போன ஒரு குடும்பம் ஏதோ ஒரு தாள் பழசு என்று திரும்பி வந்தது. அந்த வீட்டுக்காரர் ஒவ்வொருவராக நிறுத்தி, "நல்ல பேப்பர்தான சார் இது, நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடமும் கேட்டார். நான் என் உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா என் தாள்களைப் புரட்டினாள். தேதியைப் பார்த்தாள். முத்திரைமேல் கட்டைவிரலை ஓட்டினாள். பிறகு தலை நிமிராமல் ஏதோ கேட்டாள்.

"உங்க மனைவியைக் கடைசியா எப்பப் பாத்தீங்கன்னு கேக்குறாங்க," என்றாள் அந்தப் பெண்.

சொன்னேன்.

"அவங்க அங்க எப்படி இருக்காங்கன்னு கேக்குறாங்க."

வீட்டு விலாசம், சம்பளம், ஆஸ்பத்திரியின் பெயர் எல்லாவற்றுக்கும் மனப்பாடம் செய்து வந்திருந்தேன். இதற்கு இல்லை. "பயந்துபோயிருக்கா," என்று வந்துவிட்டது வாயில்.

அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, வெள்ளைக்கார அம்மா முதன்முறையாக நிமிர்ந்தாள். பிறகு குனிந்து எதையோ எழுதினாள், ஒரு முத்திரையைக் குத்தினாள். விசாவை மறுநாள் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

வெளியே வெயில் கொளுத்தியது. முதலில் கண்ணில் பட்ட பூத்துக்குள் நுழைந்தேன். அங்கே நேரம் என்ன என்றுகூட யோசிக்கவில்லை.

"குடுத்துட்டாகளா?"

"குடுத்துட்டாக. நாளைக்குக் கையில தாராகளாம்."

கடல். மறுபடி கடல்.

"இப்பத்தான் எனக்கு நெசமாவே பயமா வருது, அத்தான்."

"எனக்கு நாலு வருசமா வருது."

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் கோடு அறுந்தது. கையில் செத்த ரிசீவரோடு நின்றேன். பூத்துக்காரர், "மறுபடி போடவா சார்?" என்றார். போடச் சொன்னேன். அங்கே மணி அடிப்பது இங்கே கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. என்ன சொல்ல வாயெடுத்தாளோ, இப்போது போனை எடுக்காமலே விட்டுவிடுவாளோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

எடுத்தாள்.

"வாங்கன்னுதான் சொல்ல வந்தேன்," என்றாள். "வாங்க. ரெண்டு பேருமா இங்க வச்சுப் பயப்படுவோம்."