நான்கு கூட்டங்களும் ஒரு தங்கையும்

அவளுக்கு உட்காரத் தெரியாது என்பார் அவள் கணவர். உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டின் நடுவில் எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து யார் கண்ணைத் திறந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள்.

அவளுடைய வேலை ஒரு பெரிய மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி நீக்கி, துணியில் பொதிந்து அனுப்பும் அறையில். பத்தொன்பது வருட அனுபவம். அந்த அறையின் தரையில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு உண்டு. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். செருப்பு மாற்றாமல் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர் போனில் பேசிக்கொண்டே தாண்டிவிட்டார். "சார், திரும்பிப் போயிட்டு வாங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பியவள் இவள். அன்றிலிருந்து அங்கே எல்லோருக்கும் அவள் 'மஞ்சக்கோடு அக்கா'.

வேலையில் அந்தக் கோடு சரியாகத்தான் இருந்தது. வாழ்க்கையிலும் அதைப் போட்டுக்கொண்டே போனதுதான் வினையாயிற்று.

முதலில் பெற்றோர் வழியாக வந்த பெரிய சபையில் இருந்தாள். அப்பா அங்கே கமிட்டியில் இருந்தவர். இவளும் பெண்கள் சங்கத்துச் செயலாளர் ஆனாள். ஒரு தேர்தலில் இரண்டு கோஷ்டி மோதி, சபைக் கோயில் வாசலில் போலீஸ் வந்து நின்றது. "இது தேவனுடைய வீடா, கட்சி ஆபீஸா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள். இரண்டு வருடம் பதவி நாற்காலியை விடாமல் பிடித்திருந்தவர்களில் தானும் ஒருத்தி என்பது அப்போது அவளுக்கு நினைவில்லை.

அடுத்து ஒரு கண்டிப்பான சபை. நகை கூடாது, டிவி கூடாது, இன்னின்னாரோடு பழகக் கூடாது. அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தங்கையையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வைத்துத்தான் அது நடந்தது. தங்கை, விவாகரத்தான ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்யப் போவதாக அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா சபையை நடத்தும் மூப்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அந்த ஞாயிறு அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். தங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதன்பிறகு அவர்கள் பேசவில்லை. நான்கு வருடம் ஓடியது. அம்மா இறந்தபோது குழியின் இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை.

அந்த நான்கு வருடத்தின் பாதியிலேயே அந்தச் சபையும் தளர்ந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. மூன்றாவதாக ஒரு சிறு கூட்டத்தில் சேர்ந்தாள். சிமெண்ட் குடோனுக்கு மேல்மாடி, ஜன்னல்களெல்லாம் சாத்திய ஒரே ஹால், முப்பது பேர். வீட்டில் இருப்பவர்களைத் தவிர வெளியாட்களோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் உறுதி.

"நானாவது ஒரே ரூட்ல ஓட்டுறேன்" என்றார் கணவர். அவர் பஸ் டிரைவர். "நீ ரூட்டை மாத்திக்கிட்டே இருக்கே. கடைசி ஸ்டாப் எதும்மா?"

கடைசி ஸ்டாப்பை அந்தக் கூட்டத்தின் தலைவர் வரைந்தே வைத்திருந்தார். கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஊருக்கு வெளியே சுற்றுச்சுவருக்குள் பத்து வீடுகள். ஏழாம் எண் அவளுக்கு. "உங்க வீட்டுக்காரர் மனந்திரும்பினா வரட்டும். இல்லேன்னா நீங்க மட்டும் வாங்க, சிஸ்டர்."

அன்று வீட்டுக்கு வந்து சமையலறையை இரண்டுமுறை துடைத்தாள். கணவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

அடுத்த வாரம் தலைவர் ஒரு பொறுப்பு கொடுத்தார். இயேசுவின் காலத்து யூதர்களிடையே இருந்த கூட்டங்களைப் பற்றி அவள் பாடம் எடுக்க வேண்டும். "சதுசேயர், பரிசேயர், செலோத்தர், எஸ்ஸேனர். இன்னிக்கு யார் யார் அந்த மாதிரி இருக்காங்கன்னு நம்ம ஜனங்களுக்குத் தெரியணும்."

மருத்துவமனை ஜெப அறையின் அலமாரியில் அட்டை கிழிந்த ஒரு வரலாற்றுப் புத்தகம் கிடைத்தது. டீ இடைவேளைகளில் படித்தாள். முதலில் வேகமாக ஓடியது. ஆலயத்தையும் பதவியையும் கையில் வைத்திருந்தவர்கள் சதுசேயர். ஓரத்தில் 'பெரிய சபை' என்று எழுதிக்கொண்டாள். கையைக் கழுவி, பாத்திரத்தைக் கழுவி, விளைச்சலில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாக அளந்து வைத்தவர்கள் பரிசேயர். 'இரண்டாவது சபை'. ரோமருக்கு எதிராக வாள் எடுக்கத் துடித்தவர்கள் செலோத்தர். இதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. ஊரே கெட்டுவிட்டது என்று விலகிப் போய், பொதுப் பந்தியில் தங்களுக்குள் மட்டும் உண்டவர்கள் எஸ்ஸேனர்.

அங்கே பேனா நின்றது. பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மூன்று இடத்திலும் இருந்தவள் ஒரே ஆள்.

பரிசேயர் பகுதியைத் திரும்பப் படித்தாள். வேஷக்காரர்கள் என்றுதான் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். புத்தகமோ வேறு சொன்னது. ஆலயத்தில் மட்டும் இருந்த பரிசுத்தம் சாதாரண வீட்டுச் சாப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களாம். சுவிசேஷத்தைப் புரட்டினாள். பரிசேயர் வீட்டில் இயேசு சாப்பிட உட்கார்ந்தது ஒன்றல்ல, மூன்று தடவை. இத்தனை வருடத்தில் இது எப்படிக் கண்ணில் படவில்லை? புத்தகத்தை மூடினாள், திறந்தாள், எழுந்து நடந்தாள். அன்று பொதிந்த கருவிகளை நான்குமுறை சரிபார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பலகையில் நான்கு பெயர்களையும் எழுதினாள். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். "பரிசேயர்னா நாம விட்டுட்டு வந்தோமே, அந்தச் சபைதானே சிஸ்டர்?"

"நானும் அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன். முந்தாநாள் அடிச்சுட்டேன்" என்றாள். "அவங்க தேவனைத் தேடினவங்கதான். ஆசை நல்ல ஆசை. யார் சுத்தம், யார் அழுக்குன்னு பார்க்கிறதுலயே கண்ணு நின்னுபோச்சு, சிலருக்கு. அவங்களை இயேசு அவ்வளவு திட்டினார்னா, அவங்க பக்கத்துல இருந்ததாலதான். சொந்த வீட்டு ஆளுங்களைத்தானே நாம வாய்விட்டுத் திட்டுவோம்?"

"எஸ்ஸேனரை எடுங்க" என்றார் தலைவர்.

"எடுக்கிறேன் பிரதர். அவங்க நம்மள மாதிரி." ஹாலில் நாற்காலிகள் நகர்ந்தன. "வேதத்தை உயிரா நெனச்சவங்க. விலகிப் போனாங்க. ஆனா சுவிசேஷத்துல நான் தேடிப் பார்த்த வரைக்கும் அவங்க பேரே வரல. அவர் குஷ்டரோகியைத் தொட்டது தெருவுல. வரி வசூலிக்கிற ஆயக்காரனையும் செலோத்தனையும் ஒரே பந்தியில உட்கார வச்சார். சுவர் கட்டிக்கிட்டா நாம அதையெல்லாம் எங்கிருந்து பார்க்கிறது?"

தலைவர் மேசையில் விரித்திருந்த பத்து வீட்டு வரைபடத்தைச் சுருட்டினார். கோபப்படவில்லை. "ஏழாம் வீட்டைப் பத்தி நீங்க யோசிக்கணும் போலிருக்கு."

"யோசிச்சுட்டேன். என் வீட்டுக்காரருக்கு அதுல இடமில்ல." சுண்ணக்கட்டி விரலில் ஒடிந்தது. "கூடப்பொறந்தவளைக் காட்டிக்கொடுத்து லெட்டர் எழுதினவ நான். இன்னொருத்தரையும் வெளிய விட்டுட்டுப் போக எனக்குத் தெம்பில்ல."

அவள் பலகையை அழித்துவிட்டு இறங்கினாள்.

அதே மதியம் பஸ் ஏறினாள். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தாள். தங்கையின் ஜெராக்ஸ் கடையை மூன்றுமுறை தாண்டிப் போய்த் திரும்பினாள். நான்காவது முறை உள்ளே போனாள்.

தங்கை மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை. "எத்தனை காப்பி?"

"காப்பி இல்ல. உன்னைப் பார்க்கத்தான்."

"கடை திறந்திருக்கு. யாரும் வரலாம்." ஐந்தாறு தாள்கள் விழுந்தன. "நீ எழுதின லெட்டர்ல 'வழிதவறிய ஒரு பெண்'னு இருந்துச்சு. என் பேரு கூட இல்ல. கூடப்படுத்துத் தூங்கினவளுக்கு என் பேரு மறந்துபோச்சான்னு நாலு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

"மறக்கல. எழுதக் கை வரல. அப்பவே தப்புன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

"இப்ப எந்தச் சபை சொல்லி அனுப்புச்சு?"

"எதுவும் இல்ல. எல்லாத்துலயும் இருந்து பார்த்துட்டேன்."

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து தங்கையின் கணவர் கை துடைத்துக்கொண்டு வந்தார். அவரைப் பற்றி அத்தனை எழுதியவள் அவர் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தாள். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த ஒரு பக்கத்தைக் கம்பியால் கட்டியிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க அண்ணி. சாப்பாடு ரெடியாதான் இருக்கு."

தங்கை மூன்று தட்டு எடுத்தாள். வெளியாட்களோடு உண்ணாமல் இரண்டு வருடம் கழித்த அக்கா முதல் கவளத்தை வாயில் வைத்தாள். தண்ணீர் குடித்து இறக்கினாள்.

கிளம்பும்போது தங்கை சொன்னாள்: "மன்னிச்சுட்டேன்னு சொல்ல இன்னிக்கு எனக்கு வாய் வரல."

"சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் வரட்டா?"

"ஞாயித்துக்கிழமை மூணு மணி வரைக்கும்தான் கடை."

அவள் பழைய பெரிய சபைக்கே திரும்பினாள். அங்கே சண்டை ஓயவில்லை. அவள் கமிட்டிப் பக்கம் போகவில்லை. பிரசங்கத்தில் யாராவது பரிசேயரை இழுத்தால் மற்றவர்கள் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். அவள் தன் மடியைப் பார்ப்பாள். தங்கை வீட்டுக்கு வாராவாரம் போனாள். சில வாரங்கள் தங்கை வாயே திறக்கமாட்டாள். திரும்பும் வழியெல்லாம் இனி போகக் கூடாது என்று நினைப்பாள். வியாழக்கிழமை வந்ததும் மறுபடி பரபரப்பாகிவிடும்.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தங்கையே போன் செய்தாள். "மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு. அவர் ஊர்ல இல்ல. வெளிய ஆளுங்க நிக்கிறாங்க. கொஞ்சம் வர்றியா, அக்கா?"

ஜெராக்ஸ் மெஷினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள்.