ஓடை இறங்கும்வரை

என் அண்ணி பல்ஸோம் பிறந்த வீடு, இமயமலை லாஹுலில் எங்கள் ஊருக்கு நேர் எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம். கூரையில் காயும் துணிகூடத் தெரியும். ஆனால் குளிர்காலத்தில் மேலே சேர்ந்த பனி அந்த ஓடை வழியாக மொத்தமாக இடிந்து இறங்கும்; அதைத்தான் ஓடை இறங்குவது என்போம். இறங்காதவரை யாரும் குறுக்கே கால் வைக்க மாட்டோம். இறங்கிய மறுநாள், வெயில் ஏறுவதற்குள், கெட்டிப்பட்ட குவியல்மேல் நடந்துவிடலாம்.

அந்த வருஷம் நடுக்குளிரில் வரும் ஹல்டா பண்டிகை முடிந்த கையோடு அண்ணியின் அம்மா நோயில் படுத்துவிட்டதாக எதிர்க்கரையிலிருந்து கூவிச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அடையாளமாக அண்ணியின் தம்பி தினமும் காலையில் கூரையில் சிவப்புக் கம்பளியை விரித்துவைப்பான். அண்ணி டீயைக்கூட எங்கள் கூரைமேல் நின்றுதான் குடித்தாள்.

ஓடையோ இறங்குவதாக இல்லை. என் அண்ணன் அங்ரூப் விடியலில் போய்ப் பனியில் தடியைக் குத்திப் பார்த்துவிட்டு வருவான். மேலே ஓடுபோல இறுகியிருக்கிறது, அடியில் சர்க்கரையாக உதிர்கிறது, கால் பட்டால் சரியும் என்பான். எது இறங்கக் கூடாது என்று ஊரே கும்பிடுகிறதோ, அது இறங்க வேண்டும் என்று அண்ணி ஒருத்தி ஷுக்பா தழையைப் புகைத்துக் கும்பிட்டாள்.

"உங்கம்மாவை ஒரு தடவை என்னைத் திட்டச் சொல்லு. அந்தக் குரலுக்குத் தன்னால இறங்கிடும்," என்றான் அண்ணன். சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டாள்.

ஒருநாள் காலை கம்பளி இல்லை; கூவிக் கேட்டாலும் எதிர்க்காற்றில் குரல் எட்டவில்லை. அண்ணி புல் செருப்பைக் கட்டிக்கொண்டு ஓடினாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். ஓடைக்கரையில் அண்ணன் அவள் கையை எட்டிப் பிடித்தான்.

"விடுங்க. எங்கம்மா."

"தெரியுதுடி. நீ பாதியில புதைஞ்சா அவங்களை யாரு போய்ப் பாக்கறது?"

அங்கேயே பாறை மறைவில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் எழவில்லை. பிடிவாதத்தில் நான் மட்டும் குறைந்தவளா? டீயும் வறுத்த பார்லி மாவும் கொண்டுவந்து பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மதிய வெயிலில் ஓடை இறங்கியது. எங்கள் முகமெல்லாம் பனித்தூள். அவள் துடைக்கக்கூட இல்லை.

மறுநாள் விடியலில் ஒருவர்பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடந்தோம். அவள் அம்மா அடுப்போரம் படுத்திருந்தாள்; மேலே அந்தச் சிவப்புக் கம்பளி.

"இதை ஏம்மா கூரையில போடலை?"

"குளிருச்சு, போத்திக்கிட்டேன். கூரைக்கா குளிரும்?"

பனி உருகும்வரை அண்ணி அங்கேயே இருந்தாள். அம்மா அவள் மடியில்தான் போனாள். தம்பி குல்லுவுக்குப் போய்விட்டான். வீடு பூட்டிக் கிடக்கிறது. இன்றும் ஓடை இறங்கும் சத்தம் கேட்டால், அண்ணி கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடுகிறாள். மறுநாள் விடியலில் நானும் கரைவரை அவளோடு போய்வருகிறேன்.