தணிகாசலம் எண்ணெய் ஊற்றினான்

ஆவடி சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தணிகாசலத்தின் மனைவி குமுதாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவருடைய தம்பி. "மாமா பூட்டாருண்ணா," என்றார். "எந்த மாமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் கேள்வியின் லட்சணம் எனக்கே புரிந்தது. காய்களை அப்படியே கொட்டிவிட்டு மேனாம்பேட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். இருபத்தாறு வருடம் 'டா' போட்டுப் பேசியவனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே நம் தொழிற்சாலை ஆட்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவனுடைய மறதியைப் பற்றித்தான் பேசினார்கள். கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து மூன்று முறை திரும்பி வருவான், பூட்டிய கதவைப் பிடித்து இழுத்து இழுத்துப் பிடியே கழன்றது, இப்படி. சாவு வீட்டில் சிரிப்பது தப்பில்லை, நானும் சிரித்தேன். அப்போதுதான் ஸ்டோர்ஸ் பாலு, "காரியத்தன்னிக்கு குடுக்க நீயே ஒரு பக்கம் எய்திக் குடு மாமே. அந்த எண்ணெய் கதைய மறக்காம போடு," என்றார். போடுகிறேன் பாலு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

தணிகாசலத்தோடு ஒரே மேசையில் வேலை செய்யாதவர்களுக்கு அவன் வாய் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் இருவரும் தரப் பரிசோதகர்கள். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உருப்படியை ஒதுக்கித் தள்ளுவான். "அளவு பொய் சொல்லாது. அளக்கறவன்தான் சொல்லுவான்," என்பான். ஒருமுறை நான் சரியென்று விட்ட ஒரு ஷாஃப்ட் தண்டை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தூக்கிக் காட்டினான். "இத பாஸ் பண்ணவனுக்கு கண்ணாடி பத்தாது, கைத்தடி வோணும்." எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குச் சாம்பார் சாதம் இறங்கவில்லை, அதை நான் மறக்கவும் இல்லை.

வெள்ளத்தில் மூழ்கி இன்சூரன்ஸ்காரர்கள் கைவிட்ட ஒரு டர்போ டீசல் காரை அவன் வாங்கியபோது கூப்பிட்டது என்னைத்தான். எஞ்சினை இறக்கி அவன் வீட்டு போர்டிகோவிலேயே பிரித்தோம். நாங்கள் அளக்கத் தெரிந்தவர்களே தவிர மெக்கானிக்குகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தப்பு செய்தோம். பிஸ்டன் ரிங்கைத் தலைகீழாக மாட்டினேன்; பிரித்தோம். ஒரு போல்ட்டை அவன் முறுக்கியே உடைத்தான், துளைபோட்டு எடுத்தோம். "தப்பு பண்ணா திட்டுவேன். மறைச்சா மூஞ்சிலயே முழிக்காத," என்று முதல் நாளே சொல்லியிருந்தான். துணி துவைக்கிற கல்லின் மேல் பிஸ்டன்களைக் காய வைத்ததற்காகக் குமுதா இருவரையும் திட்டியதுதான் மிச்சம்.

தண்ணீர் பம்ப்பை நான் மாட்டினேன். மறுநாளே ஒழுகியது. அதற்காகத் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "வாங்க, எங்க ஊட்டு அருவிய பாருங்க," என்று காட்டினான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்து, சக்கரம் சுற்றி எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தருகிற டர்போவிலிருந்து எண்ணெய் கீழே இறங்குகிற குழாயை மாட்டுவது என் வேலை. "பேஸ்ட்ட மெல்லிசா தடவு மாமே, இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுறா மாரி," என்றான். இந்த முறை ஒழுகக் கூடாது என்ற வீம்பில், கசிவை அடைக்கிற அந்தப் பேஸ்ட்டை நான் அப்பினேன்.

கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சீராக ஓடியது. பக்கத்து வீட்டார் கை தட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் நீலப் புகை தெருவையே மூடியது. வேகம் தானாக ஏறியது. சாவியைத் திருப்பி அணைத்தான்; அணையவில்லை. டர்போவுக்குள் போன எண்ணெய் இறங்க வழியில்லாமல் காற்றுக் குழாய்க்குள் ஏறியிருந்தது. எஞ்சின் அந்த எண்ணெயையே குடித்து ஓடியது. இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் கேட்டுக்கு வெளியே ஓடினேன். அவன் ஓடவில்லை. தெருவில் குழந்தைகள் இருந்தார்கள். பழைய துணியைச் சுருட்டிக் காற்று போகிற வாயில் திணித்தான். எஞ்சின் நின்றது. உள்ளே சுற்றிய டர்போ சக்கரத்தில் சிக்கி, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி இல்லை.

மருத்துவமனையில் கையில் கட்டோடு படுத்திருந்தவன் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரே கேள்விதான் கேட்டான். டர்போவை முதல்முறை ஓட்டுவதற்கு முன் அதற்குள் கையால் எண்ணெய் நிரப்ப வேண்டும். வறண்டு சுற்றினால் பாழாகி, எண்ணெயை இப்படித்தான் காற்றுக் குழாய்க்குள் கக்கும். அந்த வேலை அவனுடையது.

"மாமே, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டர்போல எண்ணெய் ஊத்தினேன்ல? நீ பாத்தல்ல?"

பார்த்தேன். பக்கத்தில்தான் நின்றேன். "பாக்கல மாமே," என்றேன். "நீ ஊத்தலன்னுதான் நெனைக்கறேன்."

எண்ணெய் ஊற்றுவதுபோல இடது கையை அசைத்துப் பார்த்தான். "ஊத்தினா மாரியே கீது மாமே," என்றான்.

பயத்தில் சொன்னேன் என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். பயம் பாதிதான். தப்பே செய்யாதவன் ஒரு தப்பு செய்தவனாகக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் நானே போய் டர்போவைக் கழற்றினேன். இறங்கு குழாயின் வாயில் என் பேஸ்ட் பிதுங்கி, உறைந்து, அடைத்து நின்றது. நகத்தால் சுரண்டியெடுத்துச் சாக்கடையில் போட்டேன்.

விரல் போனதால் அவன் பரிசோதனைப் பிரிவிலிருந்து போனான் என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை. மேலாளர் இருக்கச் சொன்னார். "செஞ்சமா இல்லியான்னு தெரியாதவன், செய்யாதத செஞ்சதா நெனைக்கறவன், அவன் எப்டி சார் கையெய்த்து போடறது?" என்று தானாகவே ஸ்டோர்ஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கினான். பிறகு ஒரு நோட்டு வைத்துக்கொண்டான். கேஸ் மூடியாயிற்று, கதவு பூட்டியாயிற்று, ஒவ்வொன்றுக்கும் எதிரே குமுதாவிடம் கையெழுத்து வாங்குவான். அவனுக்கு 'மறதி தணிகா' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்தவன் நான்.

இரண்டாவது முறையும் அந்த எஞ்சினைக் கட்டினோம். இம்முறை பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவினேன். டர்போவில் எண்ணெய் ஊற்றும்போது என்னை உற்றுப் பார்க்கச் சொல்லி, நோட்டில் கையெழுத்தும் வாங்கினான். வண்டி ஓடியது. வேலப்பன்சாவடி வரை போய்த் திரும்பி வந்து, "பாத்தியா, ஊத்தினா ஓடுது," என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா மாமே," என்றேன். அதன்பின் கார் வைத்திருக்கிறவர்கள் யார் கிடைத்தாலும் அரைவிரலை நீட்டி அறிவுரை சொன்னான்: "நான் மறந்தேன், நீ மறக்காத."

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் குமுதாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நெஞ்சு வலிக்குதுன்ன அன்னிக்கு, மாத்திரை போட்டேனான்னு கேட்டாரு. போட்டீங்கன்னேன். நம்பல. நோட்ட எடுத்துனு வான்னாரு. 'ஒங்களோட பெரிய ரோதனையா போச்சு'ன்னு கத்தினேன்ணா. அதான் அவரு கேட்ட கடைசி பேச்சு."

கையிலிருந்த தாளை மடிக்கப் போனேன்.

"எய்துங்க," என்றார். "எல்லாரும் படிக்கட்டும். ஆனா காரியத்துக்கு நீங்க வராதீங்க."

ஆகவே இந்தத் தாளை நீங்கள் படிக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு நிமிடக் காட்சி. சிரிஞ்சில் எண்ணெயை உறிஞ்சி, டர்போவின் துளையில் சொட்டுச் சொட்டாக விடுகிறான். முழுசாக இருந்த ஆள்காட்டி விரலால் சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறுபடி விடுகிறான். எண்ணெய் விளிம்பு வரை ஏறி வழிகிறது. "ரொம்பிச்சு மாமே," என்று என்னைப் பார்க்கிறான். நான் தலையாட்டுகிறேன்.

அவன் ஊற்றினான். நான் பார்த்தேன்.