பூஜை முடிந்த மறுநாள் அமுங்கிய பெடல்

கால் வைத்ததும் கல் மாதிரி நிற்க வேண்டிய பிரேக் பெடல், பஞ்சு மெத்தையை மிதித்ததுபோல உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. அம்பத்தூரில் இருபத்தெட்டு வருஷமாக பிரேக் வேலை பார்க்கிறவன் நான். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த வேனில் பதினோரு பிள்ளைகள் ஏறப் போகிறார்கள்.

வேன் ஃபரிதாவுடையது. பூந்தமல்லிக்காரர். முகப்பேரில் ஒரு பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார், ஓட்டுவதும் அவரேதான். மழைத் தண்ணீரில் வண்டி நின்றதில் முன்சக்கரம் இரண்டிலும் காலிப்பர் துருப்பிடித்து இறுகிவிட்டது. காலிப்பர் என்றால் டிஸ்க்கைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற சாமான். பூஜை லீவில் செய்து கொடுத்துவிடலாம் என்று இரண்டையும் கழற்றி, புது ரப்பர் சீல் போட்டு, விஜயதசமி காலையில் மாட்டினேன். அப்புறம் ஏர் எடுக்க ஆரம்பித்தோம்.

பிரேக் லைனில் காற்று இருந்தால் பெடல் அமுங்கும். அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். கூட்டாளி பழனி சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

"அடி!"

"அடிச்சிட்டேன்."

"புடி!"

"புடிச்சிகினு கீறேன்."

நிப்பிளைத் திறந்தால் பிரேக் ஆயில் பீய்ச்சும். மூடிவிட்டு, "வுடு!" என்பேன்.

நாலு சக்கரத்துக்கும் மூன்று ரவுண்டு. ஒரு பாட்டில் ஆயில் காலி. பெடல் அப்படியேதான் இருந்தது.

"மாமே, என் காலு கயண்டே போச்சு. மாஸ்டர் சிலிண்டர்தான் பூட்டுச்சு" என்றான் பழனி.

எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. தப்பு நம் கையில் இல்லை என்று நினைப்பதில் என்ன ஒரு சுகம்! பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற அந்த மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன். மறுபடி அடி, புடி, வுடு. ம்ஹூம்.

நாலு மணிக்கு ஃபரிதா வந்து நின்றார். இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் பெடல் கொஞ்சம் எழும்பத்தான் செய்தது. அந்த தைரியத்தில் சொன்னேன். "புது சீலும்மா. ரெண்டு நாள் ஓட்டுனா செட் ஆயிடும்."

அவர் ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். உடனே இறங்கிவிட்டார்.

"அண்ணா, உங்க பொண்ண இதுல ஏத்தி அனுப்புவீங்களா?"

சுருக்கென்றது. 'இன்னாம்மா, எனக்கே பாடம் எடுக்கிறியா?' என்று தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம், ஆனால் அன்றைக்கு அதற்கு வேலை இல்லை.

"மாட்டேன்" என்றேன்.

"அப்ப நான் இங்கயே உக்காந்துக்கறேன். நீங்க பாருங்க."

காலையிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். முன்சக்கரங்களுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் இரண்டையும் ஆயில் போகாதபடி கிளாம்ப் போட்டு இறுக்கி, பழனியை மிதிக்கச் சொன்னேன்.

"மாமே, கல்லு! கல்லு மாதிரி கீது!"

அப்படியானால் மாஸ்டர் சிலிண்டரும் சரி, பின்சக்கரமும் சரி. கோளாறு முன்னால்தான். இடது கிளாம்பை எடுத்தால் பெடல் அமுங்கியது. அதைப் போட்டுவிட்டு வலதை எடுத்தாலும் அமுங்கியது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே கோளாறா? டார்ச்சை அடித்து, கை வைக்காமல் சும்மா பார்த்தேன். காலிப்பரில் நிப்பிள் அடிப்பக்கம் இருந்தது.

அட முட்டாளே! காற்று மேலேதான் போய் நிற்கும். அதை வெளியே விடுகிற நிப்பிளும் மேலேதான் இருக்க வேண்டும். அந்த வேனில் காலிப்பர் எந்தப் பக்கம் வைத்தாலும் போல்ட் பொருந்திவிடும். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன், நிப்பிள் தலைகீழாகப் போய்விட்டது. நாள் முழுக்க நாங்கள் எடுத்தது வெறும் ஆயில். காற்று மேலே ஹாயாக உட்கார்ந்திருந்தது.

கழற்றும்போதே சாக்பீஸில் எல், ஆர் என்று எழுதி வைத்தவன்தான் நான். ஆனால் ஆயுத பூஜைக்கு எங்கள் ஷெட்டில் ஸ்பேனரோடு, கழற்றிக் கிடக்கிற சாமானையும் சாமி முன்னால் வைப்போம். இரண்டு காலிப்பரையும் பளபளவென்று கழுவினேன், எழுத்தையும் சேர்த்து. சந்தனம், குங்குமம் வைத்தேன். மறுநாள் முதல் வேலையாக அப்படியே எடுத்து மாட்டினேன். பக்தியில் ஒரு குறையும் இல்லை.

பழனி காதருகே வந்தான். "வால்வு ஜாம்னு சொல்லிடு மாமே. அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?"

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தால் பொய் வரவில்லை. "தப்பு என்னுதும்மா. லெப்ட்ட ரைட்ல மாட்டிட்டேன். மாஸ்டர் சிலிண்டர அநாவசியமா மாத்திட்டேன், அந்தச் செலவு என் தலையில" என்றேன். வெட்கமாக இருந்தது.

மாற்றி மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. ஒரே ரவுண்டில் குபுகுபுவென்று காற்று வந்து, பெடல் மேலே வந்து நின்றது. எங்கள் ஷெட் வழக்கப்படி டிரையலுக்கு ஓனர் ஓட்ட, வேலை செய்தவன் பக்கத்தில் உட்கார வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் ரோடு காலியாக இருந்த இடத்தில் ஃபரிதா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மிதி மிதித்தார். என் நெற்றி டேஷ்போர்டில் இடிக்காதது பாக்கி.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாத்தி மாட்டுனதுக்கு எனக்குக் கோவம் இல்லண்ணா. ஆனா செட் ஆயிடும்னு சொன்னீங்களே... நான் நம்பியிருந்தா?"

 

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள், ஹோஸை கிளாம்ப் போட்டுப் பாருங்கள். அதெல்லாம் பத்து நாளில் வந்துவிடும். 'ஓட்ட ஓட்ட சரியாகிவிடும்' என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். பிரேக் ஓட்ட ஓட்ட சரியாவதில்லை.