சூட்டு வலி என்று நினைத்தோம்

ஆறு வருஷம் ஆச்சு. மே மாசம், புழுக்கமான ஒரு மதியம். தாராவியிலிருந்து குர்லா டெர்மினஸ் போகிற வழியில் நடந்தது.

எனக்குத் தலைப்பிரசவம். எங்கள் ஆட்களுக்கு அது அம்மா வீட்டில்தான். பம்பாயில் எத்தனை ஆஸ்பத்திரி இருந்தாலும், வளைகாப்பு முடிந்ததும் திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிட வேண்டும். அதுவும் எட்டாம் மாசம் பிறக்கிறதுக்குள். எட்டில் பயணம் ஆகாது என்பார்கள். எனக்கு எட்டு பிறக்கப் போகிறது என்று அவசரமாக டிக்கெட் எடுத்து, கூட்டிப் போக அம்மாவும் வந்திருந்தாள்.

அன்று காலையில் வயிறு வலிக்க ஆரம்பித்தது. அதற்கு முன்னாலேயே கால் வீங்கியிருந்தது, தலைவலியும் இருந்தது. பிள்ளைத்தாச்சிக்கு அதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டோம். அம்மா சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள்.

"சூட்டு வலிட்டி. பிரசவ வலின்னா ரத்தம் படும்லா? ஒண்ணையும் காணோம். ரயில்ல காத்துப் பட்டா சரியாப் போவும்."

ரத்தம் இல்லைதான். நானும் வாயைத் திறக்கவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வது எனக்குப் பழக்கம்.

வீட்டுக்காரர் மூட்டை முடிச்சோடு முதலில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் பின்னால் ஆட்டோ பிடித்தோம். ஓட்டினவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லுட்டி அவன. மொறைக்கான் பாரு."

சிக்னலில் அவர் திரும்பி இந்தியில் கேட்டார். வலி விட்டு விட்டு வருகிறதா, விடாமல் நிற்கிறதா? விடவே இல்லை என்றேன். பிள்ளை அசைகிறதா? யோசித்துப் பார்த்தேன். காலையிலிருந்து அசைந்த ஞாபகம் இல்லை. அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது.

அவர் வண்டியைத் திருப்பினார்.

"ஏலே, எங்கலே போற? ஸ்டேஷன் அந்தப் பக்கம்லா!" அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. நடுவில் நான்.

அடி வாங்கிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன் என்றார். அவர் சம்சாரமும் பிரசவத்துக்கு ஊருக்குப் போகையில் இப்படித்தான் ரயிலில் குறுகி உட்கார்ந்திருந்தாளாம். ஊர் போய்ச் சேரவில்லை. "உங்க அம்மாவை வயித்தைத் தொட்டுப் பாக்கச் சொல்லு" என்றார்.

அம்மா தொட்டாள். வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. தளரவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன். "அத்தே, வண்டி வந்துட்டு. எங்க நிக்கிய?"

"வண்டி போனாப் போட்டும் மாப்ளே. நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் ரத்தம் பட்டது. கறுப்பாக. அப்புறம் எனக்கு நினைவில்லை.

பிள்ளைக்கு மூச்சும் சாப்பாடும் கொடுக்கிற நஞ்சுக்கொடி, பிள்ளை பிறக்கும் முன்னாலேயே கர்ப்பப்பையை விட்டுப் பிய்ந்துவிட்டது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். ரத்தம் உள்ளேயே தேங்கி நின்றதால் வெளியே தெரியவில்லையாம். எனக்கு ரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது. அதனாலும் இப்படி ஆகுமாம். உடனே ஆப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். ரயில் ஏறியிருந்தால் ரெண்டு பேரும் இல்லை என்றார்.

பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் வெகுநாள் கிடந்தாள். மற்ற பிள்ளைகள் நடக்கிற வயதில் இவள் உட்காரத்தான் செய்தாள். இப்போது நடக்கிறாள். இடது கால் லேசாக இழுக்கும். ஸ்கூலுக்குப் போகிறாள். வாய்க்குக் குறைவில்லை.

வீட்டுக்காரர் வந்து சேரும் வரை அந்த ஆட்டோக்காரர் அம்மா கூடவே நின்றாராம். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க அம்மாவுக்கு இந்தி வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாளாம். பேர்கூடக் கேட்கவில்லை.

பொறுத்துப் போகிறவள்தான் நல்ல பெண் என்று சொல்லி என்னை வளர்த்தார்கள். அன்றைக்கு எனக்காக யாரோ ஒரு மனுஷன் பொறுக்காமல் போனதால் என் மகள் இருக்கிறாள், அதனால் எங்கே வலித்தாலும் உடனே சத்தம் போட்டுச் சொல்லத்தான் அவளைப் பழக்குகிறேன்.